ஜேர்மன்காரருக்காக அப்பா சொன்னது

அந்த நிலவறையின் மணத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஈரக் கம்பளி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, சைக்கிள் எண்ணெய், இவற்றோடு நம் அம்மாமார் ஒளித்து வைத்த கருவாடு. டென்மார்க்கின் ஹேர்னிங்கிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் தள்ளியிருந்த சிறிய ஊரில், சிவப்புக் கல் மாடிக் கட்டடத்தில், நம் ஐந்து குடும்பங்களும் வந்து சேர்ந்த இரண்டாவது வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது நமக்கெல்லாம் ஐம்பதைத் தொட்ட வயது. உங்களில் இரண்டு பேர் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டீர்கள். இவ்வளவு காலம் உங்களிடம் சொல்லாத ஒன்றை இனியும் வைத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

கீழ் மாடியில் ஜேர்மன்காரர் தனியாக இருந்தார். உயரமான மனிதர், தோள் இரண்டும் கதவு நிலையை நிரப்பும். வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். அந்த நடையைப் பார்த்து நம் வீடுகளில் அவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அவர் வாசலைக் கடக்கும்போது நம்மை உள்ளே கூப்பிடுவார்கள். டெனிஷ் அயலவர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். அவர் கிழக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கித் திரும்பிப் போகாதவர்; யாருக்காவது உளவு சொல்லுகிறவராக இருக்கலாம் என்று. கப்பலில் வந்தது உண்மை; குடிகாரர் என்றதும் உளவாளி என்றதும் பிழை. அவருடைய முழங்கால் சில்லு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். உளவாளி ஒருவர் துணி ஆலையின் சாயப் பகுதியில் பதினைந்து வருடம் நின்று எதை உளவு பார்ப்பார் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

அந்தச் சாயப் பகுதியில்தான் அப்பாவுக்கும் வேலை. கை நகங்களில் நீலம் ஏறியபடியே வீட்டுக்கு வருவார். அப்பாவுக்கு அப்போது ஐம்பது டெனிஷ் சொல்லும் தெரியாது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஜேர்மன்காரரோடுதான் இருப்பார். அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பத்தை முதல் நாள் பார்த்தபோது, இது எந்த இயந்திரத்தில் நெய்த நூல் என்று அவர் சைகையில் கேட்டாராம். அப்பா அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டென்மார்க்கில் அப்பா சிரித்து நான் முதல்முறை கண்டது அப்போதுதான்.

ஒரு நாள் ஜேர்மன்காரர் ஒரு காட்போட் மட்டையின் பின்பக்கத்தில் பத்துச் சிறிய படங்கள் கீறியிருக்கிறார். ஓடுகிறவன், நீளம் பாய்கிறவன், இரும்புக் குண்டு போடுகிறவன் என்று வரிசையாக. எட்டாவது படத்தில் ஒருவன் நீண்ட கோலில் தலைகீழாகத் தொங்கினான். அதைக் கண்டதும் அப்பா எழும்பிப் போய், சாயத் தொட்டியைத் தேய்க்கிற நீளப் பிரஷை எடுத்து, மேல் கை இங்கே, கீழ் கை இங்கே என்று பிடித்துக் காட்டியிருக்கிறார். விட்டுவந்த ஊரில் பள்ளிக்கூட மெய்வல்லுநர் போட்டியில் மூங்கில் கோலூன்றிப் பாய்ந்தவர் அப்பா. வட்டாரத்தில் இரண்டாம் இடம். அந்தக் கதையை வீட்டில் நாங்கள் யாரும் ஒழுங்காகக் கேட்டதில்லை. பாஷையே இல்லாமல் அதை விளங்கிக்கொண்டவர் ஜேர்மன்காரர் ஒருவர்தான்.

அவர் பத்துப் போட்டி வீரர். இரண்டு நாளில் பத்துப் போட்டிகளையும் ஒரே ஆள் செய்துமுடிக்க வேண்டும். தன் நாட்டில் இரண்டு முறை முதலாவதாக வந்தவர். இருபத்தாறு வயதில் கப்பலிலிருந்து இறங்கினார். அதோடு எல்லாம் முடிந்தது. இதையெல்லாம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நமக்கெல்லாம் அப்போது அதுதானே வேலை. தபால், டாக்டர், கம்யூன் என்கிற நகரசபை அலுவலகம், எல்லா இடத்துக்கும் பெரியவர்கள் நம்மைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்பது வயது. டெனிஷ் பாஷை என் வாயில் நன்றாக ஏறியிருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அன்று அவர் எங்களை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி வலை அடித்த ஒரு சின்ன அறை இருந்ததல்லவா, அதில் அவருடைய அறையில் நாலைந்து அட்டைப் பெட்டிகளும் ஒரு இரும்புக் கட்டிலும் மட்டும்தான். ஒரு பெட்டிக்குள்ளிருந்து சாம்பல் நிறத் துணி அட்டை போட்ட சிறிய கொப்பி ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் அவருடைய படம்; தலைமயிர் ஒட்ட வெட்டிய இளைஞன். படத்தின் ஒரு மூலையில் பாதி விழும்படி முத்திரை குத்தியிருந்தது. உள்ளே ஊதா மையில் பக்கம் பக்கமாக இலக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பத்து வரி.

"ஏன் இதை மேலே வீட்டில் வைக்கவில்லை என்று கேள்," என்றார் அப்பா. கேட்டேன்.

"மேலே இருந்தால் தினமும் பார்ப்பேன்," என்றார் ஜேர்மன்காரர்.

அப்பா எட்டாவது வரியில் விரலை வைத்தார். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். நிலவறைக் குளிரில் எனக்குக் கால் விறைத்தது. போவோம் என்று அப்பாவின் கோட்டை இழுத்தேன்.

பங்குனியில் பனி ஒரேயடியாகக் கரைந்து நிலவறைக்குள் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாம் மேல் படியில் நின்று கடதாசிக் கப்பல் விட்டோம். அந்த நேரம் ஜேர்மன்காரர் முழங்கால் ஒப்பரேசனுக்காக ஆசுபத்திரியில் இருந்தார். கட்டடப் பராமரிப்பாளர் எல்லா அறைகளின் பூட்டையும் வெட்டித் திறந்தார். நம் அப்பாமார் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கி, நனைந்ததையெல்லாம் தூக்கிக் கொண்டுபோய் வெளியே நின்ற பெரிய குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அட்டைப் பெட்டிகள் களியாகக் கையோடு வந்தன. யாருடைய பெட்டி எது என்று யாருக்குத் தெரியும்? பத்து நாளுக்குப் பிறகு ஊன்றுகோலோடு திரும்பி வந்த ஜேர்மன்காரர் நிலவறைக்கு இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தக் கொப்பியும் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டதென்று அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

வைகாசியில் ஊர் விளையாட்டுக் கழகம் புதிய ஓடுபாதை போட்டு முடித்தது. ஆலையில் ஒரு பத்துப் போட்டி வீரர் வேலை செய்கிறார் என்று யார் மூலமோ கழகத் தலைவருக்குத் தெரியவந்து, அவர் நேரில் வந்து பேசினார். திறப்பு விழாவில் முதல் ஓட்டத்தை ஜேர்மன்காரர்தான் தொடக்கிவைக்க வேண்டும். வாசலில் வைக்கும் பலகையில் அவர் பெயரும் வரும். அந்த இரண்டு மூன்று கிழமை அவர் வேறு மனிதராக இருந்தார். தலைமயிர் வெட்டினார். கழுத்துப்பட்டி ஒன்று வாங்கி வந்து, நிறம் சரியா என்று அப்பாவிடம் காட்டினார். ஒரு பின்னேரம் நாம் கெஞ்சிக் கேட்க, பூப்பாத்தி ஓரத்தில் கிடந்த உருண்டைக் கல் ஒன்றை எடுத்துக் கழுத்தோடு ஒட்டி வைத்து, ஒரு தரம் திரும்பி எறிந்தாரே; அது உடுப்புக் காயப்போடுகிற கம்பிகளைத் தாண்டி, சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பராமரிப்பாளர் வந்து ஏசினார். நாம் கைதட்டினோம். நம் அம்மாமார் யன்னலில் நின்று பார்த்தார்கள். அன்றைக்குப் பிறகு அவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்லவில்லை.

கழகத் தலைவர் ஒழுங்கான மனிதர். பலகையில் பெயரைச் செதுக்க முன் இலக்கங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று கிழக்கு ஜேர்மனிக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. அப்படி ஒரு வீரர் எங்கள் பட்டியலில் எந்த வருடத்திலும் இல்லை என்று இரண்டே வரி. ஓடிப்போனவர்களின் பெயரை அங்கே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று ஜேர்மன்காரர் சொன்னார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது, வெள்ளத்தில் போய்விட்டது என்றார். கேட்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கடைசியில் அவர் சொன்னார்: "என்னோடு வேலை செய்கிறவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். அவரைக் கேளுங்கள்."

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கழகத் தலைவரும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பத்திரிகைக்காரரின் தோளில் கமரா தொங்கியது. ஜேர்மன்காரர் மேலே வரவில்லை. கீழே முற்றத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, யுத்த காலத்தில் ஊரில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார். பக்கத்தில் முழந்தாளில் இருந்த ஒருவனைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று ஆமிக்காரன் கேட்டிருக்கிறான். மாமா, "ஓம், எங்கட ஒழுங்கைப் பெடியன்" என்றார். இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா எனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றுதான்: யார் யாரைத் தெரியுமா என்று கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். நம் விசா முடிவும் அந்த நேரம் வந்திருக்கவில்லை. உங்கள் வீடுகளிலும் அந்தப் பயம்தான் இருந்தது.

நான் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குள் போனேன். அம்மா வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கமராவையே பார்த்துக்கொண்டு நின்றா.

"பேப்பர்காரன் வந்திருக்கிறான். உன்ர அப்பர் வாயைக் குடுத்து விசாவைக் கெடுக்கப்போறார்," என்றா மெதுவாக. பிறகு என் தலையைத் தடவினா. "நீ பாத்துச் சொல்லு, பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னா. பொய் சொல் என்று அம்மா சொல்லவில்லை.

அப்பா வெளியில் போகும்போது போடுகிற சேட்டைப் போட்டு, நகத்து நீலத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கதிரை நுனியில் இருந்தார். கழகத் தலைவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அப்பா தயாராக இருந்தார்.

"அந்தக் கொப்பியை என்ர ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பாத்தனான். அதில இவற்ர படம் ஒட்டியிருந்தது, படத்தில பாதி விழ சீல் குத்தியிருந்தது. பத்துப் போட்டிக்கும் பத்து வரி. எனக்கு ஜேர்மன் தெரியாது, ஆனா இலக்கம் தெரியும். எட்டாவது வரியில நாலு மீற்றருக்கு மேல எழுதியிருந்தது. கோலூண்டிப் பாயிறதைப் பற்றி ஒருத்தன் பொய் சொன்னா எனக்கு விளங்கும், நானும் பாய்ஞ்சனான். இந்த மனிசன் பொய் சொல்லேல்ல. அந்தப் பெட்டியளை வெள்ளத்துக்குள்ளால தூக்கிக்கொண்டு போய் எறிஞ்ச ஆக்களில நானும் ஒராள். அதையும் மறக்காமச் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டெனிஷில் சொன்னேன்: "வெள்ளம் வந்தபோது அப்பா பெட்டிகள் தூக்கினார். உள்ளே நனைந்த கடதாசி நிறைய இருந்தது. அது என்ன கடதாசி என்று அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது."

பத்திரிகைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். கழகத் தலைவர் முன்னால் குனிந்தார். "படம் ஏதாவது பார்த்தாரா என்று கேள், பிள்ளை."

நான் அப்பாவிடம், "வேற என்ன நினைவிருக்கு எண்டு கேக்கினம்," என்றேன்.

அப்பா எழும்பினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மேல் கை இங்கே, கீழ் கை இங்கே என்று இல்லாத கோலைப் பிடித்து, இரண்டடி வைத்து, கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தினார். அவர் முகத்தில் இளமை வந்திருந்தது.

"என்ன காட்டுகிறார்?" என்றார் கழகத் தலைவர்.

"கம்பளத்தைச் சுருட்டி எப்படித் தூக்கினது என்று காட்டுகிறார்," என்றேன்.

அது எங்கிருந்து என் வாயில் வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கழகத் தலைவர் நன்றி சொல்லி அப்பாவின் கையைக் குலுக்கினார். வடை நன்றாயிருக்கிறது என்றார். பத்திரிகைக்காரர் கமராவைத் தொடவேயில்லை. அம்மா கதவடியில் நின்றா; அவவின் முகத்தில் ஆறுதல் தெரிந்தது. அவவுக்கு டெனிஷ் தெரியாது. ஆனால் அப்பா அவ்வளவு நேரம் சொன்னதை நான் நாலு வசனத்தில் முடித்ததே அவவுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அப்பா யன்னலுக்குப் போனார். நானும் போனேன். கீழே கழகத் தலைவர் வாங்குக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். இரண்டு மூன்று வசனம்தான். ஜேர்மன்காரர் நிமிர்ந்து எங்கள் யன்னலைப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி ஆட்டினார். அந்தக் கையை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆவணியில் திறப்பு விழா அவர் இல்லாமலே நடந்தது. நாம் எல்லாரும் போய் பலூன் வாங்கிக்கொண்டு வந்தோம். ஆலையில் அவரைப் பொய்க்கார வீரன் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கொண்டு இடியப்பமும் சொதியும் செய்வித்து எடுத்துக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்து நாங்களே சாப்பிட்டோம்.

"நான் சொன்னது போதாமப்போச்சு," என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி. "எங்கட சொல்லுக்கு இஞ்ச ஆர் மதிப்புக் குடுக்கிறான்?"

நான் சொதியைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். ஐப்பசியில் ஜேர்மன்காரர் வீட்டைக் காலிசெய்துகொண்டு எஸ்பியர் துறைமுகப் பக்கம் போய்விட்டார். கார்த்திகையில் நமக்கு விசா வந்தது. அம்மா பால்பொங்கல் வைத்தா.

அந்த ஒரு வசனம் அப்பாவுக்குள் தங்கிவிட்டது. எங்கட சொல்லுக்கு இஞ்ச மதிப்பில்லை. அதற்குப் பிறகு அவர் டெனிஷ் வகுப்புக்குப் போகவில்லை. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வரவில்லை. குடியுரிமை எடுத்த பிறகும் வாக்குப் போடவில்லை. ஒருமுறை கட்டடத்துக்கு முன்னால் அவர் கண்ணெதிரே ஒரு கார் சைக்கிள்காரனை மோதியது. பொலிஸ் வந்து கேட்டபோது, தெரியாது என்ற ஒரு சொல்லை மட்டும் அழகான டெனிஷில் சொன்னார். பேர்லின் சுவர் இடிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மட்டும், "இனி அந்த மனிசன்ர பேர் வெளியில வரும்," என்று சொன்னார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழும்பிப் போனேன். சாகும்வரை, தான் ஒரு மனிதனுக்காக உண்மை பேசியதாகவும், வெள்ளைக்காரர் அதை நம்பவில்லை என்றும் நினைத்திருந்தார். அவர் போய் ஆறு வருடமாகிறது.

நான் முதியோர் பராமரிப்பில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். தமிழ் ஆட்கள் வரும்போது மொழிபெயர்க்க என்னைக் கேட்பார்கள். மாட்டேன் என்றுதான் சொல்லிவருகிறேன். ஒருவர் தமிழில் சொல்லி முடித்துவிட்டு என் வாயைப் பார்க்கிற அந்தக் கணம் எனக்கு ஆகாது.

போன மாதம் விழா நடந்தது. ஜேர்மனியில் பழைய காகிதங்களைத் தோண்டி எடுத்து, ஜேர்மன்காரரின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்து, பிறந்த ஊர் மைதானத்திலும் எழுதிவிட்டார்களாம். அதைக் கேள்விப்பட்டு நம் ஊர்க் கழகமும் அவரை அழைத்தது. உங்களில் மூன்று பேர் எனக்குப் பின்வரிசையில் இருந்தீர்கள். எண்பது தாண்டிய மனிதர், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். தன் கொப்பியைப் பார்த்த ஒரே ஆள் தன்னோடு வேலை செய்த ஒரு தமிழ் அகதி என்றார். அவரைக் கேட்டபோது தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார் என்றார். "பயந்த மனிதர். நாடில்லாதவன் பயப்படுவான், அது எனக்கும் தெரியும். அவரை மன்னித்துவிட்டேன்." மண்டபம் முழுக்க எழும்பிக் கைதட்டியது. நீங்களும் தட்டினீர்கள். ஆள் யாரென்று உங்களுக்கு விளங்கியிருக்கும். அதனால்தான் வெளியே வரும்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு நான் அவரிடம் போனேன். மூன்றாம் மாடிச் சிறுமி நான் என்றேன். அப்பா எல்லாவற்றையும் சொன்னார், மாற்றிச் சொன்னது நான் என்றேன். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. காதுக் கருவியைத் திருப்பிவிட்டு, மறுபடி சொல் என்றார். இரண்டாம் தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கேக் தட்டுகளோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். "எனக்குக் கம்பளமே இருந்ததில்லை," என்றார். "இல்லாத கம்பளத்தை அவன் ஏன் சொன்னான் என்று எத்தனை வருடம் யோசித்தேன். என்னைக் கைகழுவ அவ்வளவு அவசரமா என்று."

"அப்பா காட்டியது கோலூன்றிப் பாய்வதை," என்றேன்.

"அவனுக்குத் தெரியுமா, நீ செய்தது?"

"தெரியாது. நான் சொல்லவில்லை."

"சாப்பாடு கொண்டுவந்து கதவைத் தட்டினான். உள்ளேதான் இருந்தேன். நாற்பது வருடம் அவனோடு கோபமாக இருந்தேன். போன வருடம்தான் மன்னித்தேன். அதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது."

மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார்.

"நீ சிறுபிள்ளை என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் எனக்கு மன்னிக்க நாற்பது வருடம் எடுக்கும். உனக்குத் தர அவ்வளவு காலம் என்னிடம் இல்லை."

அதை அவர் கோபத்தோடு சொல்லவில்லை. கோட்டைப் போட உதவிசெய்தேன். அதற்கு நன்றி சொன்னார்.

அம்மா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறா. அவவுக்கு நினைவு இல்லை. அன்று பாத்துச் சொல்லு என்றது எந்த அர்த்தத்தில் என்று கேட்க முடியாது. கேட்டாலும், அது என் வாய் பேசியதற்குப் பதிலாகாது.

உங்கள் பெற்றோரில் மூன்று நாலு பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது விழாக் கதையைக் கேள்விப்பட்டு, என் அப்பா பயந்து பின்வாங்கின ஆள் என்று சொல்லக்கூடும். அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். என் அப்பா அந்தக் கொப்பியைப் பார்த்தார். கேட்டவர்களிடம் பார்த்தேன் என்று சொன்னார். தான் பெட்டி எறிந்ததையும் மறைக்கவில்லை. அந்த வீட்டில் அன்று பயந்தது அவர் அல்ல.